சீமை மணல்

கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நேற்று ரோடு போட்டார்கள். மத்தியானம் சன்னலைத் திறந்ததுதான் தாமதம், சூடான தார் வாசம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்த ஓடினாள். நான், "இரும்மா, சாத்தாத. வீட்டுல வறுத்த கடலை இருக்கா?" என்றேன்.

"என்ன மாமா, தார் நாத்தத்துக்குக் கடலை கேக்குறீங்க? பாலிகிளினிக்ல அப்பாயின்மெண்ட் எடுக்கவா?" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தார் வாசம் வந்தால் எனக்குக் கடலை தின்னத் தோன்றும் என்பது கல்யாணமான புதிதில் என் மனைவிக்கே புரியவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள். சரி, சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தேன். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். என்ன வேலை என்று சொன்னதும் பழையபடி சாய்ந்துகொள்வார்கள். பொறியியல் சோதனைக்கூடத்தில் உதவியாள். ஊரில் போடுகிற ரோட்டுக்கும் கட்டுகிற கட்டடத்துக்குமான கல், சிமெண்ட், தார் எல்லாம் எங்களிடம் வந்து பரீட்சை எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். தாரைக் காய்ச்சிச் சின்ன டப்பாவில் ஊற்றி ஆறவைப்போம். அதன்மேல் ஓர் ஊசியை இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்ப்போம். கான்கிரீட்டைக் கட்டியாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு மெஷினுக்கு அடியில் வைத்து நசுக்குவோம். டமார் என்று உடையும். சம்பளமும் கொடுத்து, சாமான்களை உடைக்கவும் சொல்கிற வேலை வேறு எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.

எங்களுக்கு மேலே ஒரு டாக்டர், வெள்ளைக்காரர். ஊசி போடுவார், ஆனால் தாருக்கு. எங்கள் ஆபீஸில் டாக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, முழங்கால் வலிக்கு மருந்து வாங்கிவரச் சொன்னவர்கூட உண்டு. அவர்தான் வைரவன். அவரைப் பற்றிச் சொல்லத்தான் வருகிறேன்.

மெஷினை ஓட்டியவன் என் கூட்டாளி கோவிந்தன். ஆள் வாட்டசாட்டம், வாய்தான் பூனைக்குட்டி. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டர் வாசலில் வைரவன் கச்சாங் பூத்தே விற்றுக்கொண்டிருந்தார். கடலை, பட்டாணி, முறுக்கு எல்லாம் தட்டில் பரப்பியிருக்கும். பக்கத்தில் அவர் மகள் லெட்சுமி பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிக்கொண்டு நிற்பாள். கோவிந்தன் ஒரே படத்தை வாரம் தவறாமல் பார்த்தான். கதை என்ன என்று கேட்டால் தெரியாது. பாதிப் படத்தில் எழுந்து கடலை வாங்கப் போனவன் திரும்பி உள்ளே வந்தால்தானே தெரியும்?

கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பெண் கேட்கப் போனான். துணைக்கு நான். பஃபலோ ரோட்டில் அவர்கள் வீடு.

"பல்கலைக்கழகத்துல என்ன வேலைப்பா?" என்றார் வைரவன்.

வேறு எவனாவது இருந்தால் ஆராய்ச்சி என்று சொல்லியிருப்பான். இந்தப் புண்ணியவான், "கல்லு உடைக்கிறேங்க" என்றான்.

"கல்லு உடைக்கிறவனுக்குக் கட்டிக் குடுக்கவா நான் கப்பலேறி வந்தேன்? காப்பியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

காப்பி நன்றாகத்தான் இருந்தது. நான் குடித்தேன், கோவிந்தன் குடிக்கவில்லை. அவன் கண் பின்கட்டில் இருந்தது. அங்கே லெட்சுமி மணல் சட்டியில் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். கடற்கரை மணல்; சிப்பியும் தூசியும் கலந்தது. கடலையில் ஒட்டிக்கொண்டு, தின்கிறவன் பல்லில் நறநறவென்று கடிபடும். "கடலை விக்கிறீங்களா, மணல் விக்கிறீங்களா?" என்று சண்டைக்கு வருகிறவர்களைத் தியேட்டர் வாசலில் நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் கூடத்திலும் மணல் இருந்தது. அதன் அந்தஸ்தே வேறு. சிமெண்டைச் சோதிக்க அதோடு மணல் கலக்க வேண்டும். எங்கே சோதித்தாலும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று அந்த மணல் இங்கிலாந்திலிருந்து மூட்டை கட்டிக் கப்பலில் வரும். கடல் சூழ்ந்த ஊருக்குக் கடல் கடந்து மணல் வந்த காலம் அது! ஒவ்வொரு மணியும் சலித்து எடுத்த ரவைபோல ஒரே அளவு, ஒரு தூசி கிடையாது. டாக்டர் அதைக் கரண்டியால் அள்ளும்போது மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார்.

அடுத்த சனிக்கிழமை கோவிந்தன் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு பஃபலோ ரோட்டுக்குப் போனான். வைரவன் டின்னுக்குள் கைவிட்டார். விரலிடுக்கில் மணலை வழியவிட்டார். மறுபடி அள்ளினார். "யப்பா, இதென்ன மணலா, அரிசியா?" என்றார். அன்றைக்கு வறுத்த கடலை ஒன்றுபோலச் சிவந்து வந்தது. பல்லில் ஒரு பொட்டு மணல் இல்லை. மறு சனிக்கிழமை, "தை மாசம் வச்சுக்கலாம் தம்பி" என்றுவிட்டார். கல் உடைக்கிறவன் ஒரே வாரத்தில் மாப்பிள்ளையாகிவிட்டான்.

ஆனால் அதோடு விடவில்லை. வாராவாரம் லெட்சுமியிடமிருந்து சேதி வரும்: "மணல் கருத்துப்போச்சாம்." கோவிந்தன் டின்னைத் தூக்குவான். திரும்பும்போது கடலைப் பொட்டலத்தோடு வருவான். அதைத் தார் காய்ச்சும் அறையில் ஒளிந்து நின்று தின்போம். தார் வாசத்தில் கடலை வாசம் வெளியே தெரியாது என்பது எங்கள் கணக்கு. என் மூக்கு கெட்டுப்போனது அங்கேதான்.

தை நெருங்க நெருங்க மூட்டை இளைத்தது. ஸ்டோரில் இருப்பதைச் சரிபார்க்க வேண்டும் என்று டாக்டர் ஒருநாள் சொன்னார். கோவிந்தன் பஃபலோ ரோட்டுக்கு ஓடினான். பஃபலோ ரோட்டுப் பின்கட்டில் கருத்துப்போனது என்று ஒதுக்கிய மணல் டின் டின்னாக இருந்தது. அப்படியொன்றும் கருப்பாக இல்லை. ஆனால் அதைப் பற்றி யோசிக்க எங்களுக்கு எங்கே நேரம்? அள்ளிவந்து சோப்புப் போட்டு அலசி, எங்கள் அடுப்பிலேயே காயவைத்து மூட்டையில் கலந்தான்.

"பாத்தியா, பால் மாதிரி இருக்கு லா" என்றான்.

பால்தான், கொஞ்சம் காப்பி கலந்த பால்.

அந்த வாரம் பார்த்து ஒரு கப்பல் சிமெண்ட் துறைமுகத்தில் வந்து நின்றது. எங்கள் முடிவு தெரிந்தால்தான் இறக்குவார்கள். அந்த மணலில் கலந்து வார்த்தோம். வார்த்த கட்டிகளை மெஷின்கூட நசுக்க வேண்டியிருக்கவில்லை, கையில் எடுத்ததும் புட்டாக உதிர்ந்தன. டாக்டர் இன்னொரு முறை செய்யச் சொன்னார். மறுபடியும் புட்டு. சிமெண்ட் மட்டம், திருப்பி அனுப்பவேண்டியதுதான் என்று தலையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. சொல்லாவிட்டால் நல்ல சிமெண்ட் கப்பலோடு திரும்பிப் போகும். சொன்னால் வேலை போகும். வேலை போனால் வைரவன் பெண்ணைத் தரமாட்டார்.

"சொல்லிடவாடா?" என்றான் கோவிந்தன். எனக்கு வாய் நிறையக் கடலை. இல்லாவிட்டாலும் என்னத்தைச் சொல்லியிருப்பேன்!

காரணம் என்ன என்று பார்க்க டாக்டர் உதிர்ந்த கட்டிகளை அடுப்பில் வைத்துச் சூடாக்கினார். சற்று நேரத்தில் கூடம் முழுக்கத் தியேட்டர் வாசல் மணந்தது. டாக்டர் தம் சமையற்காரரிடம் கற்ற அரைகுறை மலாயில் கத்தினார்: "சியாப்பா மாக்கான் கச்சாங்?" யார் கடலை தின்பது?

எல்லோரும் கையை விரித்துக் காட்டினோம். வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான் எங்கள் கை காலி. டாக்டர் அடுப்பைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து மோந்தார். நேரே மூட்டைக்குப் போய்க் கைவிட்டுத் துழாவினார். வெளியே வந்த விரலில் ஒரு கடலைத் தோல் ஒட்டியிருந்தது.

கோவிந்தன் முன்னால் போய் நின்றான். வாய் பூனைக்குட்டி என்றேனே, அந்த வாய்தான் திறந்தது. "சார், பாதர் லைக் சேண்ட். நோ சேண்ட், நோ கேர்ள்."

டாக்டர் கையை நீட்டினார். கோவிந்தன் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து வைத்தான். ஒவ்வொன்றாகத் தின்று முடித்து, பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு, புது மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். கடலை எண்ணெய் ஊறாத மணலில் சிமெண்ட் தேறியது, கப்பலிலிருந்து இறக்கினார்கள். கோவிந்தனுக்கு வேலை தப்பியது. தண்டனை என்னவென்றால், தை மாதம் வரை வெயிலில் நின்று ஜல்லி சலிக்க வேண்டும். மணவறையில் ஐயரே மாப்பிள்ளையைத் தேடும்படி கருத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

கல்யாணத்துக்கு டாக்டர் வந்தார். சோதனைக்கு உதவாது என்று கழித்துக்கட்டிய அந்த மணல் மூட்டைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி வைரவனிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் கூடம் இப்போது இல்லை. தியேட்டரை இடித்துவிட்டார்கள். டாக்டர் ஊருக்குப் போனவர் போனவர்தான். வைரவனின் தட்டு எந்தப் பக்கம் போனதோ. கடலை பிளாஸ்டிக் பையில், எங்கோ மெஷினில் வறுபட்டு வருகிறது. கோவிந்தனும் போன வருஷம் போய்ச் சேர்ந்தான். ரொம்ப அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது?

போன மாதம் கேலாங்கில் லெட்சுமியைப் பார்க்கப் போனேன். வழக்கம்போல இந்தக் கதையை எடுத்துவிட்டுச் சிரித்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஏண்ணே, மணல் ஒரு வாரத்துல கருத்துப்போவுமா? அலசிப் போட்டா வருஷக்கணக்கா வரும்."

"அப்புறம் ஏம்மா வாராவாரம் கேட்ட?"

"கேட்டாத்தான அவரு வருவாரு? அப்பா வாசல்ல உக்காந்திருக்கையில சும்மா வாங்கன்னு கூப்புட முடியுமா?"

அடிப்பாவி! ஒரு கப்பல் சிமெண்டையே நிறுத்திவைத்தவள் இவள்தானா! இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவும் கருத்துப்போச்சுன்னு சொல்லிப் பாக்கலாம்ணே," என்றாள். "டின்னைத் தூக்கிக்கிட்டு யாரு வரப்போறா?"