நான் நீக்கச் சொன்ன பழைய நிறம்

அந்த அம்மாள் தன் பையிலிருந்து முதலில் டிபன் டப்பாவை எடுப்பார். அடுத்து மூன்று பழைய கைப்பேசிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைப்பார். ஒன்றின் கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டிருக்கும். இன்னொன்றின் பின்மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டிருக்கும். ஆரணியில் எங்கள் பட்டு விற்பனைச் சங்கத்தின் இணையதளத்தை வடிவமைக்க வந்தவர் அவர். நாற்பது வயதிருக்கும். கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, சென்னையில் பல ஆண்டுகள் இதே தொழிலில் இருந்தவர். மாமியார் படுத்த படுக்கையானதும் களம்பூருக்குத் திரும்பிவிட்டார். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவர் படித்த படிப்புக்கு இந்தப் பக்கத்தில் இருந்த ஒரே வேலை எங்கள் சங்கத்தில்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும்.

நான் அப்போது சங்கத்தின் செயலாளர். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, கணக்கு வாத்தியாராகி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து விதி அமலுக்கு வந்துவிடும் என்று முப்பது வருடம் நம்பியவன். இணையத்தில் அப்படி இல்லை என்பதுதான் அந்த அம்மாளின் ஓயாத எரிச்சல். பிரவுசர் செய்கிற கம்பெனிகள் கூடிப் பேசி ஒரு புது வசதியை ஏற்றுக்கொள்ளும், ஊரெல்லாம் அறிவிக்கும். ஆனால் சனங்கள் கையில் இருப்பது பழைய போன். அதில் இடமில்லை என்று அப்டேட்டையே நிறுத்தி வைத்திருப்பார்கள். அவர்கள் எல்லோரும் மாறும் வரை வடிவமைப்பவர் அந்தப் புதுசை நம்பித் தொட முடியாது. "பிரவுசருக்கு வந்துடுச்சு சார், எனக்குத்தான் இன்னும் வரல" என்பார். வாரத்துக்கு ஒரு முறையாவது இதைச் சொல்லிவிட்டு அந்த மூன்று போன்களையும் முறைத்துப் பார்ப்பார். "இதுங்க மூணும்தான் சார் எனக்கு மேனேஜர். நீங்ககூட அதுக்கப்புறம்தான்."

எங்கள் தொல்லை நிறத்தில் இருந்தது. ராணி நிறம் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பளிச்சென்ற ரோஜா, பட்டில் கண்ணைப் பறிக்கும். இணையதளத்தில் ஒவ்வொரு புடவை நிறத்தையும் பெயரோடு ஒரு கட்டமாகக் காட்டுவோம், அங்கே அது அழுது வடியும். புடவை கைக்குப் போனதும், "நெட்டுல வேற, கையில வேற" என்று கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தச் சமயத்தில்தான், இதுவரை திரையில் காட்ட முடியாத நிறங்களை எழுதுவதற்கான புதிய விதியைப் பெரிய பிரவுசர்கள் எல்லாம் ஏற்றுக்கொண்டதாகச் செய்தி வந்தது. அலுவலகத்துக்கு அப்போதுதான் ஒரு புதுத் திரை வாங்கியிருந்தோம். அந்த அம்மாள் புதிய முறையில் ராணி நிறத்தை எழுதிக் காட்டினார். சாயமேற்றிய பட்டு நூலைத் திரையோரம் பிடித்துப் பார்த்தேன். நூல் எது, திரை எது என்று தெரியவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆனால் அவர் ஒவ்வொரு நிறத்தையும் இரண்டு வரிகளாக எழுதியிருந்தார். மேல் வரியில் பழைய முறை, கீழ் வரியில் புதிய முறை. புதுசு தெரிந்த பிரவுசர் கீழ் வரியை எடுத்துக்கொள்ளும், தெரியாதது மேல் வரியோடு நின்றுகொள்ளும். அதாவது ஒரே பெயரில் ஒரு போனில் ஒரு நிறம், இன்னொரு போனில் வேறு நிறம். என்னால் இதைத் தாங்க முடியவில்லை. ஒரு புடவைக்கு ஒரே தொட்டியில் சாயமேற்றிய பட்டுதான் போக வேண்டும். இரண்டாம் தொட்டி நூல் இம்மியளவு மாறினாலும் தறியில் ஏற்றக் கூடாது என்று அடித்து அடித்து வளர்க்கப்பட்டவன் நான்.

"ஒரு பேருக்கு ரெண்டு நிறமா? இது மோசடி. பழசை எடுத்துடுங்கம்மா" என்றேன்.

"சார், இது நூல் இல்ல. பழசை எடுத்துட்டா பழைய போன்ல ஒண்ணுமே வராது."

"அதான் எல்லாரும் ஏத்துக்கிட்டாங்களே, நீங்க மட்டும் ஏன் பயந்துகினு இருக்கீங்க?"

அவர் பழைய நிறங்களை நீக்கிவிட்டு, மூன்று போன்களையும் என் பக்கம் தள்ளினார். நிறங்கள் இருந்த இடத்திலெல்லாம் வெள்ளைக் கட்டங்கள். கீழே பெயர்கள் மட்டும். "வேணாம் சார். ரெண்டு வரியா இருக்கட்டும்" என்று மறுபடியும் சொன்னார். நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'உங்கள் பிரவுசரைப் புதுப்பிக்கவும்' என்று மேலே ஒரு வாசகம் போடச் சொன்னேன். மாணவர்களை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்த பழக்கம்.

ஆடி மாதம் அது. ஆவணி முகூர்த்தங்களுக்கான ஆர்டர் வரும் சமயம். அந்த வாசகத்தைப் படித்துப் பிரவுசரைப் புதுப்பித்தவர் ஒருவரும் இல்லை. பெரணமல்லூரிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்து, "ஏங்க, கல்யாணப் பொண்ணுக்குப் பொடவ கேட்டா எல்லாத்தையும் வெள்ளையாவே காட்றீங்களே, யாருங்க செத்துட்டாங்க?" என்றார். போனை வைத்த பிறகும் நான் மாற்றச் சொல்லவில்லை. வீம்பு. தளம் செய்த அம்மாள் மேலும் இரண்டு முறை கேட்டும், "பத்து நாள் பாப்போம்" என்றேன். அந்தப் பத்து நாளில் கடைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஆர்டர் இல்லாமல் தறிகள் நின்றன.

கூட்டத்தில் நெசவாளர்கள் கொதித்தார்கள். தலைவர் அந்த அம்மாளைப் பார்த்து, "யாரும்மா உன்னை இப்படி மாத்தச் சொன்னது?" என்றார்.

"செயலாளரைக் கேளுங்க சார்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கோப்பைப் புரட்டினேன். "இந்தத் தொழில்நுட்ப விஷயமெல்லாம் அவங்க முடிவுதான்" என்றேன். ஐந்து வார்த்தை. பொய். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. வர வேண்டாம் என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

சில வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் டீக்கடையில் ஒரு நெசவாளர் தன் மலிவான போனில் எங்கள் தளத்தைக் காட்டினார். ராணி நிறம் ரோஜாவாகவே தெரிந்தது. அந்த விதி இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது, யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. அதுவரை தாங்குவதற்குத்தான் அவர் அந்த மேல் வரியை எழுதியிருந்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் களம்பூர் பஸ் ஏறினேன்.

விசாரித்துப் போனபோது அந்த அம்மாள் ஓர் அரிசி ஆலையில் நெல் லாரிகளுக்கு எடைச்சீட்டு அடித்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். "தப்பு என்னுது அம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா சார் அது?" என்றார், சீட்டைக் கிழித்து டிரைவரிடம் நீட்டியபடி. "வேற சங்கத்துல, கடைங்கள்ல எல்லாம் போய்க் கேட்டேன். ஆரணியில தளத்தைக் கெடுத்தவங்களான்னு கேட்டு அனுப்பிட்டாங்க. இங்க வந்து என்கிட்ட சொல்லி என்ன பண்றது? அங்க சொல்லுங்க. ஜல்தி கெளம்புங்க சார், லாரி நிக்குது."

சங்கத்துக்குப் போனேன். அன்றைய தலைவர் இறந்துவிட்டார். நிர்வாகிகள் எல்லோரும் புதியவர்கள். "பழசைக் கிளறி ஏன் சார் பேஜார் பண்ணிக்கிறீங்க, விடுங்க" என்று சோடா வரவழைத்துக் கொடுத்தார்கள். நடந்ததைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னேன். அதற்கு வழியில்லை என்றார்கள்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். பழைய நிறத்தை நீக்கச் சொன்னவன் நான். வேண்டாம் என்று அவர் சொன்னார், வெள்ளைக் கட்டங்களைக் காட்டியும் சொன்னார். அந்த ஆவணியில் யார் வீட்டுத் தறியாவது நின்றிருந்தால், வந்து கேட்க வேண்டியது என்னைத்தான்.