ஹம்பேர்க் ஏரியில் கிராப்பி தேடியவன்

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யூடியூப்பில் ஓர் அமெரிக்கக்காரனை நம்பி, ஹம்பேர்க்குக்கு வெளியே ஓர் ஏரியில் கிராப்பி மீன் பிடிக்கப் போனேன். பெரிய பாஸ் மீனுக்குப் பேர்போன ஏரிகளில் கிராப்பியும் இருக்கும் என்றான் பாவி. இந்த ஏரியும் பெரிய மீனுக்குப் பேர்போனதுதானே! மத்தியானம் விருந்தாட்களுக்குக் கிராப்பிப் பொரியல் என்று வீரம் பேசியிருந்தேன். மழையில் ஊறியதுதான் மிச்சம்.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த தமிழ்ப் பெடியன் என் கதையைக் கேட்டுச் சிரித்தான்.

"அண்ணை, பாஸும் கிராப்பியும் ஒண்டா இருக்கிறது அமெரிக்காவில. இஞ்ச கிராப்பியே இல்லை. மீன்பிடி லைசென்ஸ் சோதினைக்குப் படிக்கேல்லையோ?"

படித்துத் தேறியவன் நான்! அதுதான் ஆத்திரம் பற்றியெரிந்தது. மனைவிக்குப் போன் எடுத்து, அந்த அமெரிக்கக்காரனைப் பரம்பரையோடு திட்டித் தீர்த்தேன்.

"வரேக்க கடையில மீன் வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றாள்.