வாசலில் நின்ற அம்மா

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் நான் ஆசிரியப் பயிற்சி மாணவி. எங்களுக்குப் படிப்பித்த வெள்ளைக்கார அம்மையார் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். எந்த இனத்துப் பிள்ளைக்கு எவ்வளவு புத்தி, அதில் குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் போகிறாராம். தமிழும் இங்கிலீசும் தெரிந்த பாவத்துக்கு, மொழிபெயர்க்க என்னையும் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாத்தளை டவுனில் கடைக்காரர் வீட்டில் வளர்ந்த நான் அதுவரை தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குள் கால் வைத்ததில்லை.

அம்மையார் கெட்டவர் அல்ல. சோதனையில் முதலாவதாக வரும் பெண்பிள்ளையை டவுனில் விடுதியோடு இருந்த ஒரு பள்ளியில் தன் செலவில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார். கடைசிக் கேள்விக்கு இரண்டு பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள். ஒருத்தி கணக்கப்பிள்ளையின் மகள். மற்றவள் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் மகள். இடம் கிடைக்காவிட்டால் அவளுக்கு அடுத்த மாதமே பெரட்டில் பேர் போட்டுவிடுவார்கள். விடியும்போது ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் அந்தக் களத்தில் ஒரு தடவை பேர் ஏறினால், பிறகு ஆயுள் முழுக்கக் கூடைதான்.

கேள்வி சுலபம். நாலு படங்களை ஒழுங்காக அடுக்க வேண்டும். தாய் சமைக்கிறாள், பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், தாய் வாசலில் நின்று கையசைக்கிறாள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.

கணக்கப்பிள்ளையின் மகள் மளமளவென்று அடுக்கிவிட்டாள். மற்றவள் முதல் மூன்றையும் அதே மாதிரி வைத்தாள். நாலாவதைக் கவிழ்த்து ஒரு பக்கம் தள்ளிவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"சூரியன் கூரைக்கு மேல வந்திருச்சுங்க டீச்சர். அம்மா இன்னும் வாசல்ல நிக்கிறாங்க. அப்ப அம்மாவுக்குக் காச்சல். அம்மாவுக்குக் காச்சல்னா தம்பிய நான்தான் பாக்கணும். பள்ளிக்கூடம் போக முடியாதுங்க."

அம்மையார் பிழை என்று கோடு போட்டார். பிள்ளை சொன்னதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். இது பிழையே இல்லை என்று வாதாடினேன். பொறுமையாகக் கேட்டார். ஒரு பிள்ளைக்காக விடையை மாற்றினால், கண்டியிலும் கொழும்பிலும் இதே படங்களை அடுக்கிய பிள்ளைகளோடு எப்படி ஒப்பிடுவது என்று கேட்டார். குடும்பச் சூழல் புத்தியைப் பாதிக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம் என்று சொல்லி, எனக்கு நன்றியும் சொன்னார். அதற்கு மேல் பேச ஒரு பயிற்சி மாணவிக்கு என்ன இருக்கிறது?

என் அம்மா தினமும் வாசலில் நின்றுதான் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தப் படங்களை நான் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கியிருப்பேன். அதற்குப் பெயர் புத்தியாம். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் புறப்படும்போது அந்தப் பிள்ளையின் தாய் கூடையோடு ரோட்டோரம் காத்திருந்தார். அம்மையார் காரில் ஏறிவிட்டார். இடம் மற்றப் பிள்ளைக்கு என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. தன் மகள் எதில் பிழை விட்டாள் என்று மட்டும் கேட்டார். சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ, படத்தைப் பற்றிச் சொன்னேன். வெயில் ஏறிய பிறகும் வாசலில் நிற்கும் அம்மா, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத்தான் நிற்கிறாள், அதுதான் அவர்களுக்குச் சரியான விடை என்றேன்.

அவர் கூடையைக் கீழே வைத்தார்.

"அது எப்புடிங்க அவளுக்குத் தெரியும்? ஒரு நாளாச்சும் நான் வாசல்ல நின்னு அனுப்பியிருக்கணும். என் தப்புதாங்க டீச்சரம்மா."

அவருடைய தப்பு இல்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மேலேயிருந்து கங்காணி கூப்பிட்டார். அந்தத் தாய் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினார்.