எடுத்துக்கொடுக்காத வரி

எங்கள் ஊர் வாசகசாலையில் நாங்கள் நாடகம் போடும் மேடையின் முன்விளிம்பில் ஒரு பள்ளம் உண்டு. பார்வையாளர் பக்கம் மரப்பலகை அடைத்திருக்கும். ஸ்லாவ்கா அதற்குள் உட்கார்ந்து பல வருடங்களாக வசனம் எடுத்துக்கொடுத்தாள். நடிகர்களுக்கு அவள் முகம் தெரியும். ஊருக்குத் தெரியாது. பகலில் பேருந்து நிலையத்தில் சீட்டு விற்றாள்; அங்கேயும் சின்னச் சன்னல் வழியாக அவள் கைதான் தெரியும்.

மனைவி வேடங்களெல்லாம் போட்டுக்கொண்டிருந்த கென்கா, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஸ்பெயின் போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் தேர்வு நடந்த அன்று ஸ்லாவ்கா பள்ளத்திலிருந்து ஏறி மேடைக்கு வந்தாள். தலைமுடியைப் புதிதாகச் சுருட்டியிருந்தாள்.

"நான் நடிச்சுப் பாக்கறேன்."

இயக்குநர் லியுபென் பள்ளிக்கூடத்து வாத்தியார், அவளைவிட இளையவர். "அப்ப பள்ளத்துல யாரு உக்காருவாக்கா?"

"எலி உக்காரட்டும். ஒரு தடவையாவது ஜனங்க என்னைப் பாக்கட்டும்."

தேர்வுக்கு வைத்த காட்சியில், பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய கணவன் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறான். அவன் முடிக்கும்வரை மனைவி பேசக்கூடாது. கடைசியில் அவளுக்கு ஒரே வரி. கணவனாக டோப்ரி. கறிக்கடைக்காரர். எந்த வசனத்தையும் மனப்பாடம் செய்ததில்லை. பள்ளத்தில் ஸ்லாவ்காவின் உதடு அசைவதைப் பார்த்தே காலம் தள்ளியவர்.

பாதியில் டோப்ரி நின்றார்.

"ஆத்தைத் தாண்டும்போது..." என்று ஸ்லாவ்கா கிசுகிசுத்தாள். சுற்றி நின்ற மற்ற நடிகர்கள் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் முறையும் அதே இடத்தில் அதே கதை.

"புருஷன் பேசப்போறது பொண்டாட்டிக்கு முன்னாடியே தெரிஞ்சா நாடகம் எதுக்குக்கா?" என்றார் லியுபென். "இன்னும் ஒரு தடவை. வாயைத் தொறந்தீங்கன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

டோப்ரி மறுபடியும் அங்கேயே நின்றார். அவளைப் பார்த்தார். தன் மகனைப் புதைத்த வாரத்தில் அவர் நடித்த நாடகத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எடுத்துக்கொடுத்தவள் அவள். அந்த நம்பிக்கையோடுதான் பார்த்தார்.

ஸ்லாவ்கா உதட்டை அசைக்கவில்லை. குளிருக்காக மூட்டிய அடுப்பில் விறகு வெடித்தது. டோப்ரியின் கை கோட்டுப் பொத்தானைத் தேடியது.

"ஸ்லாவ்கா..." என்றார். அது நாடகத்து மனைவியின் பெயரல்ல.

அவள் வாசலில் நிற்கும் புருஷனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"என்ன சொல்ல வந்தேன்னே தெரியல" என்றார் டோப்ரி. அப்படியொரு வசனம் நாடகத்தில் இல்லை. தலை குனிந்துகொண்டார்.

"போ. வந்த வழியே போ."

அவளுக்கிருந்த அந்த ஒரே வரியைச் சொன்ன குரல் கடைசி வரிசைவரை கேட்டது. அப்படிக் கேட்டதில்லை நாங்கள்.

"வேஷம் உங்களுதுதான்க்கா" என்றார் லியுபென்.

டோப்ரி மேடையை விட்டு இறங்கித் தொப்பியை எடுத்தார்.

"உனக்கு அந்த வரி தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம். இத்தனை பேரு முன்னாடி நிக்க வெச்சுட்ட."

அவர் வெளியே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. யாராவது பின்னால் போவார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளும் கதவுப் பக்கம் ஓரடி வைத்தாள். பிறகு லியுபென் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த காட்சியில நான் எந்தப் பக்கத்துலேருந்து வரணும்?"