கழுவி வைத்த வெள்ளச் சேதம்

மதுரையிலிருந்து வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் காரை விட்டு இறங்கியபோது, கம்பம் ஊரில் அந்தக் கிட்டங்கி வாசலில் கோலம் போட்டிருந்தது. சேதத்தைப் பார்வையிட வருகிறவருக்குக் கோலம் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

தேனியில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கட்டட வேலை வெள்ளத்தாலோ விபத்தாலோ தள்ளிப்போனால், இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு ஆவணங்கள் தயாரித்துக் கொடுப்போம். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். "எம் மகன் இடிஞ்ச கட்டடத்துக்கு சர்ட்டிபிகேட் குடுக்குறான்" என்று அம்மா ஊரில் சொல்லி வைத்திருக்கிறார். திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

அது வாழைத்தார் பழுக்க வைக்கும் குளிர்பதனக் கிட்டங்கி. வேலை முடியும் தறுவாயில் ஓடை கரையை உடைத்து, மெஷின் ரூமில் இடுப்பளவு சேறு நின்றுவிட்டது. கம்ப்ரஸர் போயிற்று. புதியது வர மாதக்கணக்காகும். ஆனால் வங்கித் தவணை அதற்குக் காத்திருக்காது. தாமதத்துக்கான க்ளெய்ம் வராவிட்டால் முதலாளி ராசாங்கம் தன் திராட்சைத் தோட்டத்தை விற்க வேண்டும். சேதம் நிரூபணமானால்தான் தாமதத்தைப் பற்றிப் பேசவே முடியும்.

போனில் அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "எதையும் தொடாதீங்க, சர்வேயர் வர்றாக." அவர் இரண்டாவது பாதியை மட்டும் மதித்தார்.

மெஷின் ரூம் தரை பளபளத்தது. கம்ப்ரஸரைத் துடைத்து, குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள்.

"சேதம் எங்க?" என்றார் சர்வேயர்.

"அந்தச் சேத்துல ஒரு ஆபீசரை நிக்க வைக்க முடியுமாய்யா? மரியாதையாவா இருக்கும்?" என்றார் ராசாங்கம். "எளநி சாப்பிடுங்க."

"போட்டோ எடுத்தீங்களா?" என்றேன்.

"கழுவுனதுக்கு அப்புறம் நெறையா எடுத்திருக்கோம் தம்பி."

கம்ப்ரஸரைத் திறந்தால் உள்ளே தண்ணீர் இருக்கும் என்று வாதாடிப் பார்த்தேன். "இருக்கும். ஓடைத் தண்ணியா, இவுக கழுவுன தண்ணியா?" என்று கேட்டுவிட்டு சர்வேயர் இளநீரைக் குடித்தார்.

கொத்தனார் ஈஸ்வரனைத் தனியே கூப்பிட்டு, "சேத்தை எங்கன கொட்டுனீக?" என்றேன். அவர் மதிலைப் பார்த்தார். "அதை மட்டும் கேக்காதீக."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒச்சம்மாவின் வாழைத்தோட்டம். ராசாங்கத்துக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அங்கே போய் நான் வாயைத் திறக்குமுன், "என்ன, சமாதானத்துக்கு ஆள் அனுப்பிட்டானா?" என்றார். வாழைக்கு நடுவே சேறு குவிந்து கிடந்தது. "ஸ்டேசன்ல காட்டுறதுக்குன்னே வீடியோ எடுத்து வச்சிருக்கேன்."

சர்வேயரையும் ராசாங்கத்தையும் கூட்டி வந்தேன்.

"ஆத்தா, அந்த வீடியோவக் கொஞ்சம்..." என்றார் ராசாங்கம்.

"ஆத்தாவா? போன வாரம் வேற பேரு சொன்னியே?"

"அது கோவத்துல சொன்னது."

"சேத்தை அள்ளுறேன்னு சொல்லு, காட்டுறேன்."

அள்ளுவதாக ராசாங்கம் சொன்னார். ஒச்சம்மா போனை நீட்டினார். மதில் மேலிருந்து எடுத்தது. மெஷின் ரூமில் சேறு, பாதி முங்கிய கம்ப்ரஸர், சட்டி சட்டியாக அள்ளி வீசும் ஆட்கள். கூடவே அவர் குரல்: "பாருங்கய்யா, மெசினே முங்கிக் கெடக்கு! அம்புட்டுச் சேத்தையும் எந் தோட்டத்துல கொட்டுறானுக, வெளங்குவானுகளா?"

சர்வேயர் இரண்டு முறை பார்த்தார். "என் ரிப்போர்ட்டே இவ்வளவு தெளிவா இருக்காது" என்றார். குவியலை அளந்துகொண்டார். அதன்பிறகே அள்ள விட்டோம். ஒவ்வொரு லோடையும் நான் போட்டோ எடுத்தேன்.

வீடியோவில் பேசியதை எழுத்திலும் இணைக்கச் சொன்னார்கள் இன்சூரன்ஸ் கம்பெனியில். வசவுகள் உட்பட முழுதாக டைப் செய்து அனுப்பினேன். க்ளெய்ம் வந்தது. கழுவவும் மாலை போடவும் ஆன நாட்களை மட்டும் தாமதக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். திராட்சைத் தோட்டம் ராசாங்கத்திடமே இருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சேதமான இடத்துக்குப் போனதும் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன், முதலாளிக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் சண்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லை என்றால், கொஞ்சம் கஷ்டம்தான்.