அய்யா கால் மண்ணில் படாத பதினோரு மாதம்

மலை மேல் இருப்பவனைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். அய்யா காலமாகி ஆறு வருசம் ஆகிறது. முதல் வருசத் திதிக்கே நினைவு மலர் அச்சடிக்க வேண்டும் என்று தம்பி சொன்னான். மூத்தவள் நான் எழுதித் தராததால் அது நின்றுபோனது. அடுத்த வருசமும் கேட்டான், கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன். அதற்கடுத்த வருசம் கடையில் கூட்டம் என்றேன். உண்மை அதுவல்ல. அய்யாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தம்பி சம்சாரம் வேலம்மாளைப் பற்றியும் எழுத வேண்டி வரும். அவள் மேல் நான் பட்ட பொறாமையையும் எழுத வேண்டி வரும். அதற்குத்தான் கை வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்கச் சொல்லிக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

அய்யா பிறந்தது கொடைக்கானல் மலையில் இருக்கும் போளூரில். பத்து வயதில் தகப்பனாரை இழந்தார்கள். அன்றிலிருந்து நடைதான் அவர்கள் பிழைப்பு. வெள்ளைப்பூண்டு மூட்டையை மட்டக் குதிரையில் ஏற்றி, காட்டுப்பாதையில் இடையில் ஒரு ராத்திரி தங்கி, பழனிக்கு இறக்குவார்கள். குதிரை மேல் ஒரு நாளும் ஏறியதில்லை. அதற்கும் கால் வலிக்கும் என்பார்கள். வருசம் தவறாமல் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்து, செருப்பில்லாமல் மலை இறங்கி, பழனி மலை ஏறுவார்கள். யாரையும் வாய்தவறிக்கூட ஒரு சொல் கடிந்து பேசாதவர்கள். எங்கள் ஆத்தா போன பிறகும் எங்கள் இருவருக்கும் குறை வைக்காதவர்கள்.

எனக்குப் பதினாலு வயதில் பழனியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் வீட்டில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை வீட்டாரோடு காட்டுப்பாதையில் இறங்கினோம். போளூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சுனை இருக்கிறது. அங்கே வரும்போதே நான் நொண்டினேன். “கால் வலிக்குதா தாயி?” என்று கேட்டு, கல்யாணப் பெண்ணான என்னை அத்தனை பேர் முன்னால் அய்யா முதுகில் தூக்கிக்கொண்டார்கள். என் மாமியார் சாகும்வரை, “ஒங்க அய்யா முதுகுலயே இருந்திருக்கலாம்ல” என்று என்னைக் குத்திக் காட்டுவார். எனக்கு அது குத்தலாகவே படாது. பெருமையாகத்தான் இருக்கும்.

பிறகு தம்பிக்கு வேலம்மாள் வந்தாள். அடுத்த முறை நான் மலைக்குப் போனபோது அய்யா அவளைத் “தாயி” என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல் அதுவரை என் ஒருத்திக்கு உரியது என்று நினைத்திருந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பூண்டு வெட்டினால் முதல் கட்டு எனக்கு வரும். அது அவள் அடுக்களையில் தொங்கியது. சின்ன விசயம்தான். ஆனால் பொறாமைக்கு அது போதும்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருசம், ஐப்பசி மழையில், அய்யா, சரிவில் படிப்படியாக வெட்டிய வயலின் மேல் தட்டில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. வேலம்மாள் அப்போது நிறைமாதம். டோலி கட்டி நாலு பேர் சுமந்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குத் துக்கத்தோடு ஒரு சந்தோசமும் வந்தது. அய்யா இனி என் பக்கம்.

அன்றைக்கே அடிவாரத்துக்குப் போய், பாத விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைத்து, மலையைப் பார்த்து நேர்ந்துகொண்டேன். அய்யா கால் இனிமேல் மண்ணில் படுவதாக இருந்தால் அது முருகா உன் படியில்தான், காவடியோடுதான், அதுவரை மண்ணில் பட விடமாட்டேன் என்று. கேட்டவர்கள் எல்லாரும், இப்படி ஒரு மகள் யாருக்கு வாய்க்கும் என்றார்கள். அந்தப் பேச்சும் எனக்குப் பிடித்திருந்தது.

தை மாதம் கட்டுப் பிரித்த எலும்பு வைத்தியர், எலும்பு கூடிவிட்டது, இனி மெல்ல நடக்க விடுங்கள் என்று சொன்னார். நான் விடவில்லை. குளிக்கவும் கொல்லைக்கும் என் வீட்டுக்காரரும் கடை ஆளும் தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர்ச் செம்பைக்கூட அவர்களை எடுக்க விட்டதில்லை. பங்குனி வந்தபோது படி ஏறும் தெம்பு காலில் இல்லை. அடுத்த பங்குனிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன்.

மரத்துப்போனது கால் மட்டும் இல்லை. முதலில் நாள் கிழமை போனது. பிறகு சாப்பிட்டது மறந்தது. எப்போதோ செத்துப்போன குதிரைக்குக் கொள்ளு வைத்தாயிற்றா என்று கேட்டார்கள். வைகாசிவாக்கில் என் பெயரும் போய்விட்டது. தண்ணீர் வேண்டுமானால் “வேலம்மா” என்று கூப்பிட்டார்கள். குளிப்பாட்டுவது நான், ஊட்டுவது நான், பெயர் அவளுக்கு. சில நாள் மூன்று தடவை கூப்பிடும்வரை கேட்காதது மாதிரி தண்ணீர்ச் செம்போடு அடுப்படியில் நின்றிருக்கிறேன். தாகத்தோடு இருந்த என் தகப்பனை நான் அப்படி நிறுத்தி வைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

புரட்டாசியில் பூண்டு அறுப்பு முடிந்து, கைக்குழந்தையோடு தம்பியும் வேலம்மாளும் வந்தார்கள். ஒரு கட்டுப் பூண்டு கொண்டுவந்திருந்தார்கள். அவள் கட்டில் பக்கம் குனிந்ததும் அய்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “தாயி, மேத்தட்டுக்குத் தண்ணி பாஞ்சிருச்சா?” என்றார்கள். பல மாதத்தில் அவர்கள் கோர்வையாகப் பேசிய முதல் பேச்சு அது.

வேலம்மாள் கேட்டாள், “பாத்துச் சொல்லுங்களேன் மாமா. வாரீகளா?”

அய்யா எழுந்திருக்கப் பார்த்தார்கள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். நேர்த்திக்கடன் இருக்கிறது, மண்ணில் கால் பட்டால் தெய்வகுற்றம் என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். வேலம்மாள் மட்டும் நிதானமாகச் சொன்னாள்.

“நேத்திக்கடன என் தலையில போட்டுருங்க மதினி. நான் தீத்துக்கிறேன். மாமா இப்பிடிக் கெடக்க வேணாம்.”

மறுநாள் டோலி வைத்துக் கூட்டிப்போய்விட்டார்கள். நான் வாசலுக்கு வரவில்லை.

மாசி மாதம் மனசு கேட்காமல் கிளம்பினேன். வத்தலக்குண்டு போய்க் கொடைக்கானல் பஸ் பிடித்து, அங்கிருந்து மட்டக் குதிரையில் போளூர் போய்ச் சேர்ந்தேன். அய்யா கம்பு ஊன்றி வயல் வரப்பில் நடந்துகொண்டிருந்தார்கள். வெறுங்காலில் சேறு. சந்தோசப்பட வேண்டியவள், அந்தச் சேற்றைத்தான் பார்த்தேன். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “வந்தவுங்களுக்குக் காப்பி குடு தாயி” என்றார்கள். நான் வந்தவள் ஆகிவிட்டேன்.

மறுநாளும் அய்யாவுக்கு நான் வந்தவள்தான். வெள்ளனே எழுந்ததும் வேலம்மாள், மேல் தட்டுக்குத் தண்ணீர் பாய்ந்துவிட்டதா என்று பார்த்துவரச் சொன்னாள். அய்யா போனார்கள், வந்தார்கள், பாயவில்லை என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பினாள். வயசானவரை இப்படியா வேலை வாங்குவாய் என்று நான் சண்டை பிடித்தேன்.

“வேலை இல்லைங்க மதினி. தண்ணியே தெறக்கல,” என்றாள். “போகையில ஒவ்வொரு தட்டா யாரு வெட்டுனது, எந்த வருசம்னு சொல்லிக்கிட்டே போறாக. ஒக்காந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது.”

கார்த்திகை மழையில் பத்து நாள் வெளியே இறங்க முடியாதபோது, இது யார் வீடு என்று கேட்டார்களாம். வெயில் அடித்து நாலு நாள் நடந்ததும் முக்கால்வாசி திரும்பி வந்ததாம். முழுசாக ஒரு நாளும் வரவில்லை என்றும் தம்பி சொன்னான். காலுக்கும் ஞாபகத்துக்கும் என்ன தொடர்பு என்று படித்தவர்கள் சொல்லட்டும். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

அன்று பொழுது சாயும் முன் மூவரும் சுனைப் பக்கம் நடந்தோம். வேலம்மாள் முன்னால், அய்யா நடுவில், நான் பின்னால். சுனை வந்ததும் அய்யா நின்றார்கள். திரும்பினார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார்கள்.

“கால் வலிக்குதா தாயி?”

அய்யா வேலம்மாள் பக்கம் திரும்பிச் சொன்னார்கள், “இவ எம் மக. பழனியம்மா. பழனியில குடுத்திருக்கு. நடக்க மாட்டா, வெரசா ஒக்காந்துருவா.”

வேலம்மாள் சிரித்துவிட்டாள். என் கையைப் பிடித்தாள். நான் உதறினேன். பெற்ற மகளை இன்னொருத்தியிடம் இன்னார் என்று சொல்லி வைக்க வேண்டிய நிலைமை வந்துவிட்டதே என்றுதான் என் புத்தி போனது. பத்து மாதமாகத் தொலைந்திருந்த என் பெயரை அவள் அய்யாவை நடக்கவைத்தே மீட்டு என் கையில் கொடுத்தாள் என்று அப்போது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அய்யா ஏறக்குறைய இரண்டு வருசம் நடந்தார்கள். மார்கழிக் குளிரில் காய்ச்சல் கண்டு, பத்தே நாள் படுக்கையில் இருந்து, முருகன் திருவடி சேர்ந்தார்கள். பழனிப் படியை அவர்கள் மறுபடி மிதிக்கவில்லை.

கருமாதி அன்று, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தபோது நான் சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நேர்த்திக்கடனை உடைத்து, கிழவரைச் சேற்றில் இறக்கி வேலை வாங்கிக் கொன்றுவிட்டாள் என்று சொன்னேன். வேலம்மாள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே பரிமாறினாள். சிலர் இலையை மூடினார்கள். அதன் பிறகு சில வீடுகளில் அவளை நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். கேட்டு, சும்மா இருந்தேன்.

போன பங்குனி உத்திரத்தன்று அடிவாரத்தில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் சேலையில், தோளில் காவடியோடு, வெறுங்காலில் வேலம்மாள் வந்தாள். பாதம் எல்லாம் வெடிப்பு. பின்னால் தம்பி. இது என்ன என்று கேட்டேன்.

“ஒங்க நேத்திக்கடன்தான் மதினி. என் தலையில போடச் சொன்னேன்ல. மாமா போனதுலேருந்து இது ஆறாவது காவடி.”

ஆறு வருசமாகப் போளூரிலிருந்து நடந்தே இறங்கி வந்து, மடத்தில் தங்கி, படி ஏறி இறங்கி, என் தெரு வழியாகவே திரும்பிப் போயிருக்கிறாள். என் வீட்டுக்குள் வரவில்லை. நானும் அவள் பின்னாலேயே படி ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அவள் காவடியோடு நின்று திரும்பிப் பார்த்து, “கால் வலிக்குதா மதினி?” என்றாள். அய்யா கேட்ட மாதிரியே இருந்தது. அவளிடம் அய்யா இருக்கிற அளவுக்கு என்னிடம் இல்லை. இந்த வார்த்தையை எழுதும்போதும் எனக்குப் பொறாமை வருகிறது. முருகன் மன்னிக்கட்டும்.

டோலி சுமந்த நால்வருக்கும், எலும்பு கூட்டிய வைத்தியருக்கும், கடைசிப் பத்து நாளும் விறகும் கஞ்சியும் கொடுத்த போளூர்க்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. வேலம்மாளுக்கு நன்றி என்று எழுதினால் அது போதாது. அதனால் அவளைப் பற்றி நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன்.

கருமாதியில் நான் சொன்னதை வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள் நீங்கள்தான். இதையும் அதே வீடுகளுக்குக் கொண்டுபோங்கள். மூத்தவள் மனசு நோகுமே என்று எதையும் குறைக்க வேண்டாம். செம்புத் தண்ணீரையும் விட்டுவிட வேண்டாம். அவள் பெயரையும் என் பெயரையும் சொல்லி, எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.

மூத்த மகள் பழனியம்மாள்