பறக்காத நாரையின் வீடியோ

செங்கல்பட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறன்று கடைக்கு விடுமுறை. வேடந்தாங்கலுக்குப் பேருந்து ஏறி, பறவைகளைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து இணையத்தில் போடுவேன். இரண்டு வருடமாகியும் ஒரு வீடியோவைப் பத்துப் பேர் பார்த்தால் அதிகம். அதில் இருவர் என் தங்கைகள்.

போன வருடம் தை மாதம், மனம் வெறுத்துப்போய் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். ஏரி மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் அடைகாத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தன. கூட்டமாகப் பறந்தால் நாலு பேராவது பார்ப்பார்களே என்று தோன்றியது. கைப்பேசியைக் கரையோரக் கம்பிவேலியில் சாய்த்துவிட்டுப் பலமாகக் கைத்தட்டினேன்.

மரமே கிளம்பியதுபோல் அத்தனையும் பறந்தன. அப்படியொரு காட்சியை நான் எடுத்ததே இல்லை. மறுநொடி, முட்டை மட்டும் கிடந்த கூடு ஒன்றில் காகம் வந்து இறங்கியது.

புல்லுக்கட்டோடு வந்த ஊர்க்காரப் பெண் கத்தினார்: "இன்னாம்மா பண்ணிகினு கீற? இதுங்க பயந்துடும்னு தீவாளிக்குக்கூட எங்க ஊர்ல வெடி வெடிக்க மாட்டோம்!"

"வீடியோவுக்குத்தான் அக்கா..." என்றேன்.

நல்லவேளை, தாய் நாரை திரும்பி வந்து காகத்தை விரட்டியது. அந்த வீடியோவைக் கரையிலேயே அழித்தேன்.

இப்போது, பறவை தானாகச் செய்வதை மட்டும்தான் எடுக்கிறேன். இணையத்தில் போட்டதும் கைப்பேசியை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்துவிடுவேன். போன வாரம், நாரை அலகால் முட்டையைப் புரட்டி வைப்பதை முக்கால் மணி நேரம் காத்திருந்து எடுத்தேன். ஏழு பேர் பார்த்திருந்தார்கள்.

எட்டாவதாக நானும் ஒருமுறை பார்த்தேன்.